பட்டைக்கு அடியில் பாருங்கள்: கடலோர ஜீப்புக்கு ஒரு டீசல் டேங்க்

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பழைய ஜீப் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கடைசியில் துருவில்தான் வந்து நிற்கும். பாடியில் எங்கே பொத்தல் விழுந்தது, சேசிஸில் எங்கே ஒட்டுப் போட்டது, எந்தப் பட்டறையில் தகடு நன்றாக மடிக்கிறார்கள் என்று மணிக்கணக்கில் பேசுவோம். டேங்க் பற்றி மட்டும் பேச்சே வராது. ஒழுகும் வரை அது யார் கண்ணிலும் படுவதில்லை. ஒழுக ஆரம்பித்ததும் பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஏதோ ஒன்றை அவசரமாகக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறோம். என் வண்டிக்கு டேங்க் மாற்ற வேண்டி வந்தபோது, அவசரப்படாமல் நாலு பேரிடம் விசாரித்து, அளந்து, யோசித்துச் செய்தேன். இந்தக் கரையில் ஜீப் ஓட்டும் இன்னொருவருக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

என்னுடையது சி.ஜே.3பி உருவத்தில் இருக்கும் பழைய மஹிந்திரா. பெட்ரோலில் பிறந்து பிற்பாடு டீசல் எஞ்சின் ஏறியது, ஆர்.சி.யிலும் டீசல் என்று மாற்றியிருக்கிறார்கள். உயர்த்திய ஸ்பிரிங், பின்னால் நீள சீட், முன்னச்சுக்கும் ஓட்டம். 2017-ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறக்கும் வரை, தனுஷ்கோடிக்கு மணலிலும் ஈரத்திலும் ஆள் ஏற்றிப்போன வண்டிகளில் இதுவும் ஒன்று. ரோடு வந்ததும் அந்தத் தொழில் சுருங்கிப் பலரும் விற்றார்கள். இப்போது என்னிடம் ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் சுமக்கிறது. ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கரைக்கு இறங்கும் மண்பாதைகள்தான் இதன் வேலை. பொழுதுபோக்குக்காக மணல்மேடுகளில் ஏற்றி இறக்குவதில்லை. பங்குனி ஆமை முட்டையிட வரும் மணல் அது. டீசல் ஒரு சொட்டுக்கூட அங்கே சிந்தக்கூடாது என்பதும் நான் நல்ல டேங்க் தேடியதற்கு ஒரு காரணம்.

இந்த வகை ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். ஜீப் செய்த அமெரிக்கக் கம்பெனியான வில்லிஸ் காலத்து ஏற்பாடு. பாடித் தரையில் ஒரு பள்ளம் விட்டு, அதில் டேங்கை உட்காரவைத்து, மேலே தகட்டுப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். கல்லடி படாது, பின்னால் யாராவது இடித்தாலும் டேங்குக்கு ஒன்றும் ஆகாது. குறை, அந்தப் பள்ளம். மணலும் உப்புத் தண்ணீரும் இறங்கிச் சேருவதற்கு வண்டியில் அதைவிட வசதியான இடம் கிடையாது. வடிகால் ஓட்டை இருக்கும்; சேறு அடைத்துக்கொண்டால் அது இருந்தும் பயனில்லை.

சீட்டைத் தூக்கி டேங்கைக் கழற்றியபோது பார்த்ததைச் சொல்கிறேன். மேல்பக்கம் பெயின்ட் அப்படியே இருந்தது, விரலால் தேய்த்தால் பச்சை நிறம் தெரிந்தது. பக்கவாட்டிலும் பெரிதாகக் குறை இல்லை. பட்டையின் போல்ட்டை வெட்டி எடுத்து, அதற்கும் டேங்குக்கும் நடுவில் வைத்திருந்த ஃபெல்ட்டை உரித்தேன். வண்டி சில நாளாக வெயிலில் நின்றிருந்தது. ஆனாலும் ஃபெல்ட் ஈரமாக இருந்தது. கையில் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் கசிந்தது, நாக்கில் வைத்தால் கரித்தது. அதன் அடியில் பட்டை அகலத்துக்குத் தகடு செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. ஸ்குரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தியதும் உள்ளே இறங்கிவிட்டது. டேங்கின் மற்ற இடமெல்லாம் இன்னும் சில வருஷம் தாங்கியிருக்கும். பட்டை பட்ட இடத்தில் மட்டும் செத்துவிட்டது.

வெயிலில் நின்ற வண்டியில் ஏன் ஈரம்? உப்புதான் காரணம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்புத் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட மோசம். 33 சதவீதம் போதும் அதற்கு. நம் கரையில் ராத்திரி ஈரப்பதம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆக, ஒரு இடுக்கில் உப்பு புகுந்துவிட்டால் அந்த இடம் காய்வதே இல்லை. மழை பெய்தால்தான் துரு என்பது உள்ளூர்க்காரர்களின் கணக்கு. வைகாசியிலிருந்து கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது ஆண்கடல் என்று நாங்கள் சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து வரும் தூவானம் ஒரு மழையும் இல்லாமலே வேலையைச் செய்துவிடுகிறது. ஐப்பசி மழை வந்து கழுவிவிட்டால் வெளிப்பக்கத்துக்கு நல்லதுதான், இடுக்குக்கு அதனால் லாபம் இல்லை.

இதற்குப் பாம்பனைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தை அரிப்புதான் ஓய்வுக்கு அனுப்பியது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சு அடித்திருக்கிறார்கள், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்திருக்கிறார்கள், மூட்டுகளை முழுவதும் வெல்டிங்காகச் செய்திருக்கிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப்பட்டது கடைசி விஷயம். முழு வெல்டிங் என்றால் இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படிந்து உப்பு ஒளிந்துகொள்ளும் இடுக்கு குறையும். டேங்குக்கும் இதே பாடம்தான். எந்த உலோகம் என்ற கேள்விக்கு முன்னால், டேங்க் எதன்மேல், எப்படி உட்காரப்போகிறது என்ற கேள்வியைக் கேட்க வேண்டும்.

உச்சிப்புளி பக்கம் பட்டறை வைத்திருக்கும் வெல்டர் அண்ணனிடம் போனபோது நான் முதலில் கேட்டது எல்லோரும் கேட்பதுதான்.

"அண்ணே, எஸ்.எஸ். தகட்டுல போட்டுறலாமா?"

"போடலாம் தம்பி. பட்டையை என்ன பண்ணப்போற?"

அந்த ஒரு கேள்வியில் விஷயம் அடங்கிவிட்டது. எஸ்.எஸ். என்பது துருப்பிடிக்காத எஃகு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்); கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 304 ரகம். திறந்த காற்றில் பளபளவென்று இருக்கும். ஈரமான ஃபெல்ட்டுக்கு அடியில் காற்று படாமல் உப்போடு மூடிவைத்தால் ஊசிக் குத்துப்போல ஓட்டை விழும். எஸ்.எஸ். தகட்டைக் காப்பாற்றும் மெல்லிய படலம் நிலைத்திருக்க ஆக்சிஜன் வேண்டும். இடுக்கில் அது கிடைக்காது. 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும், ஆனால் இடுக்கில் அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை, விலையும் கூடுதல். தவிர, விலைக்குப் பயந்து மெல்லிய தகட்டில் செய்வார்கள். மண்பாதையில் அதிர்ந்து அதிர்ந்து வெல்டிங் ஓரத்தில் கீறல் விடும். அப்புறம் அதை ஒட்ட ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரைத் தேடிப்போக வேண்டும்.

அலுமினியத்தைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. 5052, 5083 மாதிரிக் கடல்ரகத் தகட்டில் படகுகளுக்கு நல்ல டேங்க் செய்கிறார்கள், எடையும் குறைவு. ஜீப்பில் சிக்கல் என்னவென்றால் சுற்றிலும் இரும்பு. உப்புத் தண்ணீரில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டால் கரைவது அலுமினியம். விசைப்படகின் அடியில் ஜிங்க் கட்டி வைத்துப் பழகிய நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரப்பர் வைத்துப் பிரிக்கலாம், ஆனால் அந்த ரப்பர் தேய்ந்ததை யார் போய்ப் பார்ப்பது?

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் செய்யலாம் என்று இன்னொருவர் சொன்னார். வேண்டவே வேண்டாம். டீசல் பழசாகும்போது உண்டாகும் அமிலங்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படிவை உண்டாக்கும். அது ஃபில்டரை அடைத்து, கடைசியில் இன்ஜெக்டர் வரைக்கும் போகும். துத்தநாகம் டேங்கின் வெளிப்பக்க பிரைமரில் இருந்தால் நல்லது, உட்புறம் வரவே கூடாது.

ஃபைபர் படகு கட்டும் ஆட்கள் நம் கரையில் நிறைய. ஃபைபரில் டேங்க் வார்த்துத் தருகிறோம் என்பார்கள். டீசலுக்கு ஃபைபர் ஒத்துப்போகும் என்றாலும், முறுக்கிக்கொள்ளும் சேசிஸில் அது விரிசல் விடும். பெட்ரோல் வண்டிக்கு அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரணப் பாலியெஸ்டர் ரெசினை எத்தனால் இளக்கிவிடும். வள்ளத்து எஞ்சினுக்கு வைக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் டேங்கைப் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டி ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். படகில் அது திறந்த வெளியில் இருக்கிறது. ஜீப்பில் அதன் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், வண்டி கவிழ்ந்தால் முதலில் உடைவது அதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆக நிஜமான போட்டி இரண்டுக்குத்தான்: கனமான பாலிஎத்திலீன் டேங்க், அல்லது கனமான சாதா இரும்பு.

பிளாஸ்டிக்குக்கு என் ஓட்டு பாதி உண்டு. துரு என்ற பேச்சே இல்லை. எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அடிபட்டால் நெளிந்து திரும்பும். பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர் கேட்டால், எரிபொருள் ஆவி கசியாதபடி வாகனத்துக்கென்றே செய்த பிளாஸ்டிக் டேங்கைத்தான் சொல்வேன்; எத்தனால் பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதால் இரும்பு டேங்க் உள்ளிருந்தே அரிக்கும். எனக்கு அது ஒத்துவராததற்கு உருவம் காரணம். அச்சில் வார்த்து வருவதால் என் சீட்டுப் பள்ளத்தின் அளவுக்குக் கிடைக்கவில்லை. வேறு வண்டியின் டேங்கை வைக்கலாம் என்றால் பாடியை வெட்ட வேண்டும், அல்லது பின்னால் சேசிஸுக்கு நடுவில் தொங்கவிட வேண்டும். பின்னால் தொங்கவிட்டால் கருவேலக் கட்டை இடிக்கும். இடிக்காமலிருக்கக் கீழே காப்புத் தகடு வைத்தால் அந்தத் தகட்டில் மணலும் உப்பும் தங்கும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறோம்.

அதனால் இரும்பு. 2 மி.மீ. தகடு, பட்டறைக் கணக்கில் 14 கேஜ். டீசல் டேங்கின் உட்புறம் சாமானியமாகத் துருப்பிடிக்காது. டீசலே எண்ணெய்ப் பூச்சு. அடியில் தண்ணீர் தேங்கினால்தான் அரிப்பு, தேங்காமல் பார்த்துக்கொள்ளலாம். வெளிப்பக்கம் துருப்பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துவிடலாம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊர்ப் பட்டறையிலும் இரும்பை ஒட்டத் தெரிந்தவர் இருக்கிறார். என் வேலைக்கு இது பெரிய விஷயம். ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்போது மதுரைக்குப் போய் ஆர்கான் வெல்டரைத் தேட முடியாது.

பட்டையை அடியோடு விட்டுவிட்டோம். டேங்கின் ஓரங்களில் கனமான காதுகளை வெல்டு வைத்து, ரப்பர் புஷ் போட்டு மூன்று இடத்தில் மட்டும் பிடித்திருக்கிறது. நான்கு இடத்தில் பிடித்தால் வண்டி ஒரு சக்கரத்தைத் தூக்கும்போது பாடி முறுக்கிக்கொண்டு டேங்கையும் சேர்த்து முறுக்கும். மூன்று புள்ளி என்றால் அந்த முறுக்கல் டேங்குக்கு வராது. பள்ளத்தின் தரைக்கும் டேங்கின் அடிக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. வடிகால் ஓட்டைகளைப் பெரிதாக்கினோம். சீட்டின் அடிப்பலகைக்குக் கீல் வைத்ததால் அப்படியே மடக்கித் தூக்கலாம். கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீர்க் குழாயை உள்ளே காட்டினால் ஆறு பக்கமும் நனைந்து வடிகிறது. எந்தப் பூச்சையும்விட எனக்கு இந்த இரண்டு விரல் இடைவெளிமேல்தான் நம்பிக்கை.

கொள்ளளவைக் கூட்டச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தினார்கள். 80 லிட்டர் போடு, ராஜஸ்தான் வரைக்கும் போகலாம் என்றார்கள். நம் கடற்கரைச் சாலையில் பங்குக்குப் பஞ்சமில்லை. இராமநாதபுரத்திலிருந்து அரிச்சல்முனை போய்த் திரும்பினால் 150 கி.மீ. சுற்றி வரும், 20 லிட்டருக்குள் முடிந்துவிடும். பெரிய டேங்க் பெரும்பாலும் பாதி காலியாகவே கிடக்கும். காலி இடத்தில் இருப்பது நம் ஊர்க் காற்று. ராத்திரி குளிர்ந்ததும் அதன் ஈரம் தகட்டில் வியர்த்து டீசலுக்குள் இறங்கும். பழைய டேங்கின் அடியிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துவைத்தது கண்முன் நிற்கிறது: மேலே மஞ்சளாக டீசல், கீழே கலங்கல் தண்ணீர், இரண்டும் சந்திக்கிற கோட்டில் கறுப்பும் பழுப்புமாகக் கொழகொழவென்று ஒரு படலம். டீசலைத் தின்று தண்ணீரில் வாழும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அது. ஃபில்டர் திரும்பத் திரும்ப அடைத்ததற்குக் காரணம் அதுதான். ஆகவே 80 செ.மீ. நீளம், 25 அகலம், 20 உயரம். கணக்குக்கு 40 லிட்டர். டீசல் சூட்டில் விரிய இடம் விட்டு 38-தான் நிரப்புகிறேன். காலி டேங்க் 13 கிலோவுக்கு மேல், நிரப்பினால் இன்னும் 32 கிலோ.

அதே இடம், ஏறக்குறைய அதே அளவு என்பதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது பின்னால் தொங்கும் இரண்டாவது டேங்குக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

உள்வேலையில் சில விஷயம். பெட்ரோல் கார்புரேட்டர் காலத்து டேங்கில் ரிட்டர்ன் குழாய் கிடையாது. டீசலுக்குக் கட்டாயம் வேண்டும், இன்ஜெக்டரில் மிஞ்சுவது திரும்பி வரவேண்டும் அல்லவா. அது உறிஞ்சுகுழாயை விட்டுத் தள்ளி விழட்டும், இல்லாவிட்டால் காற்றுக்குமிழி நேராக பம்ப்புக்குப் போகும். குறுக்குத் தடுப்புத் தகடு இரண்டு வைத்தோம். அந்தத் தகடுகளின் அடிமூலைகளை வெட்டிவிட்டால்தான் டீசலும் தண்ணீரும் ஓடி வரும். உறிஞ்சுகுழாயைப் பின்பக்கம் வைக்கச் சொன்னேன். மேடு ஏறும்போது டீசல் பின்னால் ஒதுங்கும், அப்போதுதான் எஞ்சினுக்கு முழு எரிபொருள் தேவை. இறக்கத்தில் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கலாம். குழாய் முனை அடியைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்கிறது. அதற்கும் கீழே சின்னக் குழி, குழியில் டிரெய்ன் போல்ட். அதைத் தளர்த்தி ஒரு டம்ளர் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

காற்றுப்போக்குக் குழாயில்தான் கடல் உள்ளே வருகிறது. டேங்க் குளிரும்போது காற்றை உறிஞ்சும். முனை தாழ்வாக இருந்தால் தூவானத்தையும் சேர்த்து உறிஞ்சும். டேங்கின் மேலிருந்து குழாயை ரோல் பார் உயரத்துக்கு ஏற்றி, வளைத்துக் கீழ்நோக்கி விட்டு, சின்ன ஃபில்டர் மாட்டினோம். வண்டி கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வும் அதிலேயே. நிரப்பும் வாய் டேங்கோடு ரப்பர் ஹோஸில் சேருவதால், வாய்க்கும் சேசிஸுக்கும் ஒரு எர்த் வயர் இழுத்தோம்; பங்கில் நிலைமின் பொறி வராமலிருக்க அது அவசியம்.

டீசல் அளவைச் சொல்லும் மிதவையை வாங்கும்போது வண்டியின் எரிபொருள் மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். அமெரிக்க வகை மீட்டருக்குக் காலி டேங்க் 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பிய வகைக்குக் காலி 10, நிறைவு 180. மாற்றி மாட்டினால் நிரப்பியதும் காலி என்று காட்டும்.

மாட்டுவதற்கு முன் எல்லா வாயையும் அடைத்து, 3 பி.எஸ்.ஐ. காற்று மட்டும் ஏற்றி, வெல்டிங் முழுக்க சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். அதற்குமேல் ஏற்றினால் தகடு உப்பிவிடும். ஒரு மூலையில் மட்டும் சின்னச் சின்னக் குமிழி வந்தது. அண்ணன் சாக்பீஸால் வட்டம் போட்டு, அரைத்து மறுபடி வெல்டு வைத்தார். அதன்பிறகு துத்தநாக பிரைமர், அதன்மேல் எபாக்ஸி இரண்டு கை.

பழைய டேங்கை என்ன செய்வது என்பது மிச்சம். டீசல்தானே, தீப்பிடிக்காது என்று கேஸ் கட்டிங் டார்ச்சைக் கொண்டுபோகிறார்கள். இந்தியத் தரநிலைப்படி வாகன டீசலின் தீப்பற்று வெப்பநிலை குறைந்தபட்சம் 35 டிகிரி இருந்தால் போதும். நம் ஊரில் சித்திரை வெயிலில் நிற்கும் காலி டேங்க் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். உள்ளே இருப்பது எரியத் தயாரான ஆவி. கழுவி, வாய் வரைக்கும் தண்ணீர் நிரப்பி, வெட்டும் இடத்தில் மட்டும் கொஞ்சம் காலியாக விட்டுத்தான் எந்த டேங்கிலும் சூடு வைக்க வேண்டும். என் பழைய டேங்கை டார்ச் இல்லாமல், தண்ணீர் நிரப்பிக் கை ரம்பத்தால் இரண்டாக அறுத்தோம். பட்டை இருந்த இடத்தின் துண்டு ஒன்று அந்தப் பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறது. எஸ்.எஸ். வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு அண்ணன் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்.